மெக்ரீ கிணற்றுப் புத்தகத்தில் உன் பெயர்

உ

பிளசன்டன், கலிபோர்னியா
25 ஆகஸ்ட் 2000, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கயலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, உன் அண்ணன் செழியன், மருமகள், பாப்பா எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் மூன்று நாளாக ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, அதற்குக் காரணம் நீ. நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாகாளியம்மனை வேண்டிக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற அளவுக்காவது உனக்குத் தெம்பு வேண்டும். போனில் பேசினால் நீ இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் சரிம்மா சரிம்மா என்று சொல்லி என் கோபத்தை ஆற்றிவிடுவாய். எழுதினால் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். செழியன் இதை எக்ஸ்பிரஸில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். பதினாறாம் தேதிக்கு முன்னால் உன் கைக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

ஆஸ்திரேலியாவிலிருந்து நீ அனுப்பிய புத்தகம் போன வாரம் திங்கட்கிழமை வந்தது. உங்கள் ஊருக்கு நூறு வயதாகிறது, அதற்காக நானும் ஊர்க்காரர்களும் சேர்ந்து எழுதியது, அப்பாவுக்குப் பிடிக்கும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே வைத்திருந்தாய். அப்பாவுக்கு மட்டும்தான் பிடிக்குமா, எனக்குப் பிடிக்காதா என்று அப்போதே ஒரு கோபம். அப்பாதான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவராயிற்றே, தினமும் காலையில் காப்பி குடித்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அத்தியாயமாக எனக்குத் தமிழில் சொன்னார். அந்த ஊரின் பெயரைக்கூட மெக்ரீ கிணறு என்று தமிழாக்கிவிட்டார், எனக்கும் இப்போது அதுதான் வாயில் வருகிறது. முப்பத்தேழு பேர் இருக்கிற ஊருக்கு அறுபத்தாறு பக்கத்தில் புத்தகமா, தலைக்குக் கிட்டத்தட்ட இரண்டு பக்கமா என்று முதல் நாள் கேலி பண்ணினேன். அதற்கப்புறம் கேலி பண்ணவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மாட்டு மந்தைகளை நானூறு மைல் தள்ளி ரயிலுக்கு ஓட்டிக்கொண்டு போகிற பாதையில் தண்ணீரே இல்லை என்று அரசாங்கம் மெக்ரீ என்கிறவனை அனுப்பி போர் போடச் சொன்னது, பதினோரு மாதம் அவன் துளைத்தது, நடுவில் உளி உடைந்து உள்ளேயே மாட்டிக்கொண்டு அதை எடுக்கவே நாலு மாதம் ஆனது, அவன் பெண்டாட்டி கூடாரத்தில் இருந்துகொண்டு சோறு பொங்கிப் போட்டது, இதையெல்லாம் கேட்கும்போது எனக்கு நம் தோட்டத்து ஞாபகம்தான் வந்தது. என்னைப் பெற்ற உன் அப்புச்சி மூன்று இடத்தில் போர் போட்டு மூன்றிலும் வெறும் புழுதியாக வந்தபோது வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. போர் போடுகிற இடத்தில் நின்றுகொண்டிருக்கிற பொம்பளை எத்தனை சாமியை வேண்டிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். அந்த மெக்ரீ பெண்டாட்டிக்கு இரண்டாயிரத்து எண்ணூறு அடியில் தண்ணீர் பீறிட்டு வந்த அன்றைக்கு எப்படி இருந்திருக்கும். அதுவும் கை வைக்க முடியாத வெந்நீர், வாய்க்கால் வெட்டி அரை மைல் ஓடவிட்டு ஆற வைத்துத்தான் மாட்டுக்குக் காட்ட வேண்டுமாம். 1900 செப்டம்பர் பதினாறு. அந்த நாளைத்தான் நீங்கள் கொண்டாடப் போகிறீர்கள்.

தண்ணீர் வந்ததும் முதலில் வந்தது சாராயக்கடை, அப்புறம் போலீஸ், அப்புறம் தபாலாபீஸ், கடைசியில்தான் பள்ளிக்கூடம் என்று அப்பா படித்தபோது செழியன்கூட டிவியை நிறுத்திவிட்டுச் சிரித்தான். ரயில் வரப்போகிறது என்று 1911-இல் ஆட்கள் வந்து அளந்து முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார்கள், ஊரே தையல்காரனைக் கூப்பிட்டுப் புதுச்சட்டை தைத்துக்கொண்டு காத்திருந்தது, ரயில் அறுபது மைல் தெற்கே போய்விட்டது, முளைக்குச்சியெல்லாம் ஆட்டுப்பட்டிக்கு வேலியானது. இருநூறு பேர் இருந்த ஊர் பஞ்சத்திலும் உலகச் சண்டையிலும் தேய்ந்து தேய்ந்து முப்பத்தேழாகிவிட்டது. இதெல்லாம் சரி. ஆனால் முதல் அத்தியாயம் மெக்ரீயோடு ஆரம்பிக்கவில்லை. அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அந்த மண்ணில் இருந்த ஜனங்களுக்கு மூன்று மைல் தள்ளி ஒரு ஊற்று இருந்தது, அது அவர்களுக்குச் சாமி மாதிரி, மாட்டு மந்தைகள் வந்து அதை மிதித்துச் சேறாக்கிவிட்டன என்று நீ எழுதியிருக்கிறாய். அந்த ஒரு பக்கத்தை எடுத்துவிடலாமே, விழாவில் எதற்கு என்று ஊர்க் கமிட்டியில் இரண்டு பேர் சொன்னதாகவும் நீ விடவில்லை என்றும் முன்பே எழுதியிருந்தாய். அந்தப் பழைய போட்டோவும் பார்த்தேன். பண்ணை முதலாளி, ஒரு குதிரை, பின்னால் அந்த ஜனங்களில் ஏழு கறுப்பு ஆட்கள். பழைய போட்டோவின் அடியில் முதலாளியின் பெயர் இருந்ததாம், குதிரையின் பெயர்கூட இருந்ததாம், அந்த ஏழு பேர் பெயர் இல்லையாம். குதிரைக்கு இருக்கிறது மனுஷனுக்கு இல்லையா என்று நீ இரண்டு வருடம் அவர்களுடைய பேரன் பேத்திகளைத் தேடிப் போய், செத்தவர்கள் பெயரைச் சொல்லலாமா போடலாமா என்று அவர்களிடமே உத்தரவு கேட்டு, ஏழு பெயரையும் போட வைத்திருக்கிறாய். அப்பா அந்த ஏழு பெயரையும் நிறுத்தி நிதானமாக ஒவ்வொன்றாகப் படித்தார். எனக்கு அன்றைக்கு உன்மேல் பெருமையாக இருந்தது. ஒரு நாள் முழுக்க இருந்தது.

மறுநாள் டாக்டர்கள் அத்தியாயம். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், என் மகள் வரப்போகிறாளே. மாட்டு வைத்தியம் பார்த்தவன் மனுஷனுக்கும் சேர்த்துப் பார்த்தது, குதிரை வண்டியில் சுற்றிய நர்ஸம்மா, விமானத்தில் வந்து இறங்கி ஊசி போட்டுவிட்டுப் போகிற டாக்டர்கள், எல்லாம் பெயரோடு, ஊரோடு, ஒருத்தர் வளர்த்த நாயின் பெயரோடுகூட இருக்கிறது. கடைசியில் ஒரே ஒரு வரி. 1994 முதல் இங்கே நிரந்தர டாக்டர் ஒருவர் இருக்கிறார். அவ்வளவுதான். டாக்டர் ஒருவர். அப்பாவைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். நன்றி சொல்கிற பக்கத்தில் இருக்குமோ என்று நானே எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். டீத்தண்ணி போட்டுக் கொடுத்தவர்களுக்கெல்லாம் நன்றி இருக்கிறது. ஆறு வருடம் அந்தப் புழுதியில் கிடந்து, ஊரில் இருக்கிற கிழவன் கிழவிகளிடமெல்லாம் உட்கார்ந்து கதை கேட்டு, அதைத் தட்டச்சு அடித்து, திருத்தி, புத்தகமாக்கியவள் பெயர் அட்டையிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் தோசை மாவைத் திறந்தபடியே விட்டுவிட்டேன், புளித்துப்போய்க் கொட்ட வேண்டியதாயிற்று.

பெயர் விடுபட்டால் என்ன ஆகும் என்று நமக்கா தெரியாது? செழியன் கல்யாணப் பத்திரிகையில் உன் பெரிய அத்தை வீட்டுக்காரர் பசுபதி மாமா பெயர் விட்டுப்போனது ஞாபகம் இருக்கிறதா? அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்தவளே நீதான். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, இந்தக் கல்யாணத்துக்கு நான் யாருங்க, பத்திரிகையிலதான் நான் இல்லீங்களே என்று அவர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். நாம் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது நீதான் பிரஸுக்கு ஓடிப்போய் அவர் பெயரைத் தனிச் சீட்டாக அடித்து வாங்கி வந்து, மிச்சமிருந்த முந்நூறு பத்திரிகையிலும் கோந்து தடவி ஒட்டினாய். முதல் பத்திரிகையை நீயே தாராபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய்க் கொடுத்தாய். அவர் அதை வாங்கிச் சீட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒட்டுனதுன்னாலும் பேரு பேருதானுங்க அம்மிணி என்று சொன்னதாக நீதானே வந்து சொன்னாய்? அந்த மனுஷன் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து பந்தியில் நின்று பரிமாறினார். இத்தனையும் தெரிந்த ஒரு பெண் தன் பெயர் போனதற்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் பெற்றவளுக்குக் கோபம் வராதா?

அதனால் போன் பண்ணினேன். உனக்கு இல்லை. புத்தகத்தின் பின்னட்டையில் கமிட்டி செக்ரட்டரி ஹேசல் அம்மாவின் நம்பர் இருந்தது, காலிங் கார்டை எடுத்து அவர்களுக்கே பண்ணினேன். அப்பா வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே நடந்தார், நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். என் மகள் உங்கள் ஊருக்கு ஊசி போடும்போது டாக்டர், புத்தகம் போடும்போது வெளியாளா, ஆறு வருடம் போதாதா, எத்தனை வருடம் இருந்தால் உங்கள் ஊர்க்காரி என்று கேட்டேன். அந்த அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயதாம், நான் மூச்சுவிடாமல் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்கள். அப்புறம் மெதுவாகச் சொன்னார்கள், கயலைப் பற்றி ஒரு முழுப் பக்கம் நானே எழுதினேன், அச்சுக்குப் போகிற அன்றைக்கு அவளேதான் வந்து எடுத்துவிட்டாள், அம்மாவுக்குப் பிடிக்காது என்று சொன்னாள் என்று. நான் எந்த அம்மாவுக்கு என்று கேட்டேன். அப்படி ஒரு மடத்தனமான கேள்வி. உங்களுக்குத்தான் என்றார்கள்.

அந்தப் பக்கம் இன்னும் மேசை டிராயரில் இருக்கிறது என்று சொல்லி எடுத்துப் படித்தும் காட்டினார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது, திரும்பப் படிக்கச் சொன்னேன். மூன்று வருடம் முன்பு வெள்ளத்தில் பத்தொன்பது நாள் பாதை அறுந்துபோய், ஊரில் நனையாத இடம் சாராயக்கடை மட்டும்தான் என்று அங்கேயே ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்த்தாயாமே? விமானம் இறங்க முடியாது, ரேடியோவில் பெரிய டாக்டர் சொல்லச் சொல்ல நீ பார்த்தாயாமே? அந்தக் குழந்தைக்கு உன் பெயரை நடுப்பெயராக வைத்திருக்கிறார்களாமே? அந்தப் பத்தொன்பது நாள் முடிந்து நீ போன் பண்ணினபோது என்ன சொன்னாய் தெரியுமா? கொஞ்சம் மழைம்மா, லைன் சரியில்ல என்று சொன்னாய். நானும் மழை வந்தால் நல்லதுதானே என்று சொல்லிவிட்டு ஈரோட்டு மாப்பிள்ளை ஜாதகம் பற்றிப் பேசினேன். இதையெல்லாம் நான் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா? நான் என்ன உனக்கு அடுத்த வீட்டுக்காரியா? அப்புறம் அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். விழாவன்று நீ ஊரில் இருக்கப்போவதில்லையாம், குடும்ப வேலையாகச் சிட்னி போகிறாயாம், தண்ணீர்த் தொட்டியருகே முதல் விளக்கை நீதான் ஏற்ற வேண்டும் என்று வைத்திருந்தோம், இப்போது வேறு ஆள் பார்க்கிறோம் என்றார்கள். அதற்குள் இன்னும் ஒரு நிமிடம்தான் பாக்கி என்று கார்டில் அந்த மிஷின் பேசிவிட்டது. நான் சாரி என்று மட்டும் சொன்னேன்.

நான் எப்போது சொன்னேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், யோசிக்கவே தேவையில்லை. நாலு வருடம் முன்பு இங்கே பக்கத்து ஊர் டப்ளினில் ஒரு சம்பந்தம் வந்து, பெண் இருக்கிற ஊரில் நாற்பது பேர்கூட இல்லையா, அங்கே என்ன செய்கிறாள் என்று அவர்கள் முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் மகள் சிட்னியில் டாக்டர் என்றே சொல்லிவந்தேன். எந்த இடத்தில் என்று கேட்டால் பாரமட்டா என்று சொல்வேன், அந்த ஒரு பெயர்தான் எனக்குத் தெரியும். உன்னிடமும் சொன்னேன், உன் பெயரையும் அந்த ஊர்ப் பெயரையும் சேர்த்து எங்கேயும் போடாதே, இப்போதெல்லாம் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் போட்டுவிடுகிறார்கள், பையன் வீட்டார் தேடிப் பார்க்கிறார்கள் என்று. சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன்னைக் கேட்கிறேன், நான் உனக்கு எத்தனை சொல்லியிருக்கிறேன்? தலைக்கு எண்ணெய் வை என்றேன், கேட்டாயா? கங்காரு குறுக்கே விழுகிற பாதையில் தனியாக டிரைவ் பண்ணாதே என்றேன், கேட்டாயா? நேரத்துக்குச் சாப்பிடு என்று வாரத்துக்கு ஒரு தரம் சொல்கிறேனே, கேட்டிருக்கிறாயா? ஆயிரம் நல்லது சொன்னேன், ஒன்றும் உன் காதில் ஏறவில்லை. புத்தி கெட்டுப்போய் ஒன்று சொன்னேன், அதை மட்டும் எழுத்து மாறாமல் செய்திருக்கிறாய். ஏழு பேர் பெயருக்காகக் கமிட்டியோடு மல்லுக்கு நின்றவளுக்கு, போம்மா உனக்கு வேற வேலையில்ல என்று என்னிடம் சொல்லத் தெரியாதா? அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஒலிம்பிக்ஸ் விஷயமும் அதே லட்சணம்தான். அதே டப்ளினில் இருக்கிற நம் சிநேகிதர்கள் ஜம்புநாதனும் மீனாக்ஷியும் டிக்கெட் வாங்கிவிட்டார்கள், கயல் சிட்னியிலதான இருக்கா, நாங்க பத்து நாள் அவகூட ஸ்டே பண்ணிக்கறோம் என்று போன மாதம் பாட்லக் விருந்தில் எல்லோருக்கும் முன்னால் மீனாக்ஷி கேட்டாள். நான் என்ன செய்வேன், சிட்னியில் இருக்கிற உன் சிநேகிதி வீட்டை உன் வீடு மாதிரி ஏற்பாடு பண்ணு, நீயும் போய் இரு என்று உனக்குப் போன் பண்ணினேன். நீ சரிம்மா என்றாய். ஒலிம்பிக்ஸ் தொடங்குவது பதினைந்தாம் தேதி, உன் ஊர் விழா பதினாறாம் தேதி. எனக்கு அது தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்தும் சரிம்மா என்றாய். இப்படி ஒரு சரிம்மா எனக்கு வேண்டியதே இல்லை.

நேற்று செழியனை ஆபீஸிலிருந்து சீக்கிரம் வரச் சொல்லி, டப்ளினுக்கு டிரைவ் பண்ணச் சொன்னேன். புத்தகத்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனேன். மீனாக்ஷி ஹாலில் பெட்டியைத் திறந்துவைத்து உனக்காக முறுக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை, மீனாக்ஷி, கயல் சிட்னியில இல்ல, ஒரு நாளும் இருந்ததில்ல, நான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? அப்ப நாங்க எங்கங்க ஸ்டே பண்றது என்றாள். நாலு வருடம் நான் யாருக்குப் பயந்தேனோ அவளுக்குக் கவலை அதுதான். கடைசியில் ஜம்புநாதன்தான் எழுந்து வந்து, எந்த ஊருங்க, காட்டுங்க என்று புத்தகத்தை வாங்கினார். நான் டாக்டர்கள் பக்கத்தைத் திறந்து கொடுத்து, இந்த ஊருக்கே இவ ஒருத்திதான் டாக்டர், இந்தப் புத்தகமே இவ எழுதுனதுதான் என்றேன். அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், திரும்ப உள்ளே பார்த்தார். இதுல கயல் பேரு எங்கீங்க என்று கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார், குத்திக்காட்டவில்லை. முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறேன், அதற்குக் காட்ட ஒரு அத்தாட்சி இல்லை, அதையும் நானே இல்லாமல் பண்ணியிருக்கிறேன். வரும் வழியெல்லாம் ஃப்ரீவேயில் நான் அழுதேன்.

இப்போது சொல்வதைக் கேள், இதையும் எழுத்து மாறாமல் செய். சிநேகிதி வீடும் வேண்டாம், சிட்னியும் வேண்டாம். மீனாக்ஷி ஹோட்டலில் இருந்துகொள்வாள், அவள் முறுக்கு இந்தப் பார்சலில் வருகிறது. நீ பதினாறாம் தேதி உன் ஊரில் இருந்து அந்த விளக்கை ஏற்று, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏற்று, மயில்கழுத்து நிறம் ஒன்று உன்னிடம் இருக்கிறது. மற்ற புத்தகமெல்லாம் இன்னும் கொடுக்காமல் பெட்டியிலேயே இருப்பதாக ஹேசல் அம்மா சொன்னார்கள். அந்த ஒரு பக்கத்தை அடிக்கச் சொல்லி, கோந்து வாங்கி, ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டு. ஒட்ட உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் உன் பெயரோடு, நஞ்சுண்டன் சாந்தாமணி தம்பதியின் மகள், கோபிச்செட்டிபாளையம் என்றும் சேர்க்கச் சொல், அது இல்லாமல் ஒட்டினால் அதற்கும் சண்டைக்கு வருவேன். ஒட்டிய புத்தகத்தில் இரண்டு இங்கே அனுப்பு, ஒன்றை ஜம்புநாதனுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஹேசல் அம்மாவிடம் நான் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல், முறுக்கில் பாதியை அவர்களுக்குக் கொடு, பல் இல்லையென்றால் பாலில் ஊறவைத்துச் சாப்பிடச் சொல். ஜாதகம் எதுவும் இந்த வருடம் நான் பேசமாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பாவும் நானும் உன்னை மனதார ஆசீர்வதிக்கிறோம், நூறு வயது அந்த ஊருக்கு மட்டும் போதாது, உனக்கும் வேண்டும். கோபம் இன்னும் தீரவில்லை, புத்தகம் வந்ததும் தீரும். இத்தனை வருடமும் உறைமேல் உன் விலாசத்தை அப்பாதான் எழுதுவார், அந்த ஊர்ப் பெயரை என் கையால் எழுதமாட்டேன் என்று இருந்தேன். இன்றைக்கு நானே எழுதினேன். இடம் போதாமல் கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் இறங்கிப் போயிருக்கிறது, தபால்காரருக்குப் புரியும்.

இப்படிக்கு,
மெக்ரீ கிணற்று டாக்டரின் அம்மா
சாந்தாமணி